அப்பாவுக்கு வாரத்தில் எத்தனை நாள் டயாலிசிஸ்?

அப்பாவின் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏற ஏற, "எத்தனைக்கு மேல் போனால் டயாலிசிஸ்?" என்றுதான் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். சிறுநீரக மருத்துவர் அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யவில்லை. சாப்பாடு இறங்குகிறதா, வாந்தி வருகிறதா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா, பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2010-இல் வெளியான 'ஐடியல்' ஆய்வைப் பற்றியும் சொன்னார். முன்கூட்டியே ஆரம்பித்தவர்கள், தள்ளி ஆரம்பித்தவர்களைவிட அதிக காலம் வாழ்ந்துவிடவில்லையாம்.

அதற்காகச் சும்மா இருக்கவில்லை. இடது கையில் ஃபிஸ்டுலா போட்டோம், அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையின் ரத்தக் குழாய்களை ஒன்றாக இணைக்கும் சிறு அறுவை. ரத்தக் குழாய் தடித்து ஊசி தாங்கச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும் என்பதால் இது முன்னாலேயே முடிந்தாக வேண்டும். அந்தக் கையில் பிபி பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ யாரையும் விடவில்லை.

பசி அறவே போய், கால் வீங்கியபோது ஆரம்பித்தார்கள். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மூன்று, நமக்கு மட்டும் ஏன் இரண்டு? காரணம், அப்பாவுக்கு அப்போது சிறுநீர் ஓரளவு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. 24 மணி நேரச் சிறுநீரை கேனில் பிடித்துக் கொடுத்து, அதைப் பார்த்த பிறகே மருத்துவர் இரண்டு போதும் என்றார். அந்த அளவு குறையக் குறைய இது மாறும் என்றும் அன்றே சொல்லிவிட்டார்.

மாறத்தான் செய்தது. சிறுநீர் குறைந்தது, இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் உடம்பில் நீர் சேர்ந்து எடை ஏறியது. ஒரே தடவையில் நிறைய நீரை எடுத்தால் பிபி இறங்கிக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்காது. மூன்றாவது நாளுக்கு அப்பா லேசில் சம்மதிக்கவில்லை. இன்னொரு நாள் ஊசி, இன்னொரு நாள் அலைச்சல், அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் மூன்றாக்கிய பிறகு கால் இழுப்பு குறைந்தது, இட்லி ருசிக்கிறது என்றார்.

இப்போது திங்கள், புதன், வெள்ளி. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் நீண்ட இடைவெளி என்பதால், சனி ஞாயிறு தண்ணீரையும் உப்பையும் இன்னும் கவனமாகப் பார்க்கிறோம். இளநீர் கிடையவே கிடையாது.

உங்கள் வீட்டில் வாரம் இரண்டு என்று சொல்லியிருந்தால், அது சிறுநீர் அளவைப் பார்த்துச் சொன்னதா, செலவைப் பார்த்துச் சொன்னதா என்று மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். செலவுதான் தடை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் உண்டு, அதையும் விசாரியுங்கள்.