வெயில்காரரும் நிழல்காரரும் ஒரே கப்பலில்

வெயில் எப்படி இருக்கும் என்று வேலூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஊர்ப் பெயரையே வெயிலூர் என்று மாற்றிச் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனாலும் ஒரே வீட்டில் இருவருக்கும் வெயில் ஒன்றாக ஒத்துக்கொள்வதில்லை. ஒருவர் மார்கழி காலையில் மொட்டை மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காய்வார். மற்றவர் காயப்போட்ட துணியை எடுக்கக்கூட பொழுது சாயட்டும் என்று காத்திருப்பார். இந்த இருவரும் சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் போடும்போது பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கிறார்கள். 'ரொம்ப வெயிலும் வேண்டாம், ரொம்பக் குளிரும் வேண்டாம்' என்று நடுவாக ஒரு பாதையைப் பிடிக்கிறார்கள். அங்கே போய் ஒருவர் மேகத்தைப் பார்த்துக் கொண்டிருக்கிறார், மற்றவர் அந்த மேகத்தின் கீழேயே முகம் கருத்துத் திரும்புகிறார்.

வெயில் உள்ள பாதையைத் துணிந்து எடுங்கள், நிழல் அதிகம் உள்ள கப்பலைத் தேடுங்கள். இதுதான் எங்கள் கருத்து. மழையில் மாட்டிய கப்பலில் வெயில்காரருக்கு யாராலும் வெயிலை வாங்கித்தர முடியாது. நிழல்காரருக்கோ கப்பலுக்குள்ளேயே பத்து இடம் இருக்கும், அவை எங்கே என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும்.

அதற்கு முன்னால், நிழல்காரருக்கு வெயிலில் எது ஆகாது என்று பேசித் தெளிந்துவிடுங்கள். சூடு தாங்காதவர், தோல் கருப்பதை விரும்பாதவர், வெளிச்சத்தில் ஒற்றைத் தலைவலி வருபவர், முகத்தில் மங்கு உள்ளவர், மருத்துவர் வெயிலே கூடாது என்று சொன்னவர் என ஒவ்வொருவருக்கும் ஏற்ற கப்பல் வேறு. சூடு மட்டும்தான் பிரச்சினை என்றால் ஏசி அறையும் கடல் காற்றும் போதும். மங்கு என்றால் அது போதாது. கண்ணாடி வழியாக வரும் யுவிஏ என்ற புற ஊதாக் கதிரும், கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும்கூட மங்கைக் கூட்டும். 'கண்ணாடிக் கூரை போட்ட நீச்சல் குளம் இருக்கிறது, அங்கே நிழல்தானே' என்று நம்பி உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். மங்கு உள்ளவர் இரும்பு ஆக்ஸைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீனைக் கேட்டு வாங்க வேண்டும், வெள்ளையாக இருக்கும் சாதாரண க்ரீம் வெளிச்சத்தைத் தடுக்காது.

மாத்திரைகளையும் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோன், தொற்றுக்கும் முகப்பருவுக்கும் தரும் டாக்ஸிசைக்ளின் ஆகியவை தோலை வெயிலுக்கு எளிதில் கன்றிப் போக வைப்பவை. அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பயணம் கிளம்புகிறவர்களில் பலர் முதலாவதை வேறு மாத்திரையோடு சேர்ந்த கலவையாகச் சாப்பிட்டுக் கொண்டிருப்பார்கள், பெயர் தெரிந்திருக்காது. அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பார்த்துவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

ஒருவரால் எவ்வளவு தாங்க முடியும் என்பதை ஊரிலேயே அளந்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் பூங்காவுக்குக் காலை ஏழு மணிக்கு இருவரும் போங்கள். வெயில்காரர் திறந்த புல்வெளியில் இருக்கட்டும், நிழல்காரரும் கூடவே இருக்கட்டும். நிழல்காரர் எத்தனை மணிக்கு எழுந்து மரத்தடிக்குப் போகிறார், அப்போது போனில் உள்ள வானிலைச் செயலி காட்டும் யுவி எண் (புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்வது) எத்தனை, வெப்பநிலை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். வேலூர் வெயில் வறண்டது, கடல் வெயில் ஈரமானது. இங்கே 38 டிகிரியைச் சமாளிப்பவர் சிங்கப்பூரில் 32 டிகிரியில் வேர்த்துச் சோர்ந்துபோவார். ஆகவே வெப்ப எண்ணைவிட யுவி எண்ணை நம்புங்கள்.

சில்லென்று இருந்தால் வெயில் இல்லை என்று நினைப்பது இன்னொரு தவறு. ஏலகிரிக்குப் போய் 'என்ன குளுமை' என்று நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, இரவில் மூக்கு நுனி எரிய வீடு திரும்பியவர்களுக்கு இது தெரியும். கப்பலிலும் இதே கதைதான். 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போகும் கப்பலில் காற்றே அடிக்காத நாளிலும் மேல் தளத்தில் மணிக்கு 37 கிலோமீட்டர் காற்று முகத்தில் அடிக்கும். தோல் சூட்டை உணராது, கதிர் மட்டும் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மெல்லிய மேகமும் பெரிதாகத் தடுப்பதில்லை. சுலபமான அளவுகோல் உங்கள் நிழல்தான். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள்.

இந்த நிழல் கணக்கை வைத்தே மாதத்தையும் ஊரையும் தேர்ந்தெடுக்கலாம். வேலூரும் சென்னையும் வடக்கே 13 டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடியில் சுருண்டுவிடும். மே மாதக் கத்திரியிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். துபாய் வடக்கே 25 டிகிரியில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியன் 41 டிகிரி உயரம்தான் ஏறும், அதாவது உச்சி வேளையிலும் உங்கள் நிழல் உங்களைவிட நீளம். மும்பையில் அதே நாளில் ஏறத்தாழ 48 டிகிரி, நிழல் உயரத்தைவிடச் சற்றே குறைவு.

அதனால் இப்படிப்பட்ட ஜோடிக்கு எங்கள் முதல் தேர்வு, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை துபாயிலோ அபுதாபியிலோ ஏறி வளைகுடாவைச் சுற்றும் கப்பல். பகலில் 24 முதல் 26 டிகிரி வரை இருக்கும், வானம் தெளிவாக இருக்கும். வெயில்காரருக்கு நாள் முழுக்க வெயில், நிழல்காரருக்கு அது நம் தை மாத வெயில். இரவில் மேல் தளத்தில் சால்வை வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இன்னொரு நன்மை, இந்தச் சுற்றுகளில் சில துபாயிலோ அபுதாபியிலோ ஒரு இரவு முழுக்க நின்றுவிடும். அப்படி நிற்கும் பாதையாகப் பார்த்து எடுங்கள், ஊர் சுற்றுவதைப் பொழுது சாய்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, நவம்பர் முதல் பிப்ரவரி வரை மும்பையில் இருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவுப் பக்கம் போகும் பயணம். விசா வேண்டாம், மொழிச் சிக்கல் இல்லை, சைவச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. லட்சத்தீவு உள்ள சுற்றில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்கே பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. கடலில் நிறுத்திச் சிறு படகில் இறக்குவார்கள். படகுக்குக் காத்திருப்பது, ஏறுவது, மணலில் நடப்பது எல்லாம் திறந்த வெளி. நிழல்காரர் அன்று இறங்காமல் கப்பலிலேயே இருப்பது நல்லது, ஏனென்றால் முக்கால்வாசிப் பேர் இறங்கிவிட்ட கப்பல்தான் அவருக்குச் சொர்க்கம். நிழலான நாற்காலி எல்லாம் காலியாக இருக்கும்.

மூன்றாவது சென்னைத் துறைமுகத்தில் ஏறி இலங்கை போவது. 2022 ஜூனில் கோர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னையில் இருந்து ஓடத் தொடங்கியது. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வங்காள விரிகுடாப் பக்கம் வருவது அந்தக் கப்பலுக்குத் தோது. காட்பாடியில் இருந்து பார்த்தால் இவ்வளவு பக்கத்தில் வேறு கப்பல் இல்லைதான், ஆனால் அந்த மாதங்களில் நண்பகல் சூரியன் உச்சியை ஒட்டி நிற்பதால் பருவம் நிழல்காரருக்குச் சாதகமாக இல்லை. எம்ப்ரஸ் 1990-இல் கட்டப்பட்டது, அதில் பால்கனி அறைகள் குறைவு. முன்பதிவு திறந்ததும் பால்கனியைப் பிடித்தால் போகலாம், கிடைக்காவிட்டால் வேறு மாதம், வேறு பாதை பாருங்கள். திருகோணமலையில் இறங்கி கோணேசுவரம் கோயிலுக்குப் போகிறவர்கள் பருத்திக் காலுறை எடுத்துப் போங்கள், நண்பகலில் பாறைமேல் வெறுங்காலோடு நடப்பது கடினம்.

அலாஸ்கா, நார்வே என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அலாஸ்கா பருவம் மே முதல் செப்டம்பர் வரை. வழியில் வரும் கெச்சிகன் ஊருக்கு ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, வேலூருக்குக் கிடைப்பது 1,000 வாக்கில்தான். வெயில்காரர் அங்கே ஒரு வாரம் வாடிப்போவார். நிழல்காரருக்கும் முழு நிம்மதி இல்லை, ஜூனில் பொழுது விடிவது நாலு மணி, சாய்வது இரவு பத்து. சூரியன் தாழ்வாக நிற்பதால் பால்கனிக்குள் நெடுநேரம் வெளிச்சம் பாயும். பனிமலை பார்க்கவே போகிறீர்கள் என்றால் போங்கள், வெயில் தகராறுக்கு இது தீர்வு ஆகாது.

இனி அறை. பால்கனியை நிழல்காரருக்காக எடுங்கள். வெயில்காரருக்கு மேல் தளம் முழுக்க இருக்கிறது, நிழல்காரருக்குக் கடலைப் பார்க்கக் கிடைக்கும் சொந்த இடம் அந்த நான்கடி பால்கனிதான். பணம் குறைவாக இருந்தால் ஒரு இரவைக் குறைத்தாவது பால்கனி எடுக்கலாம் என்போம். எந்தப் பக்கம் என்பதைப் பாதை சொல்லும். சென்னையில் இருந்து தெற்கே போகும்போது காலை வெயில் கப்பலின் இடப்புறம், மாலை வெயில் வலப்புறம். திரும்பும்போது மாறிவிடும். மும்பையில் இருந்து கொச்சி போகும்போதும் இதே கணக்கு, இடப்புறம் கரை, வலப்புறம் திறந்த கடலும் சூரியன் மறைவதும். நம் பக்கத்துக் கடலில் நண்பகல் சூரியன் உயரத்தில் நிற்பதால் மேல் பால்கனியின் தளமே கூரையாகிவிடும், காலை மாலை மட்டும்தான் உள்ளே வரும். வளைகுடாவில் டிசம்பரில் சூரியன் தெற்கே தாழ்வாக நிற்கும். அங்கே மேற்கே போகும் கப்பலில் இடப்புறமும், கிழக்கே போகும் கப்பலில் வலப்புறமும் வெயில் விழும்.

பால்கனிகளிலும் வேறுபாடு உண்டு. கீழ்த்தளங்களில் கப்பலின் இரும்பு உடலுக்குள் குடைந்தது போல் அமைந்தவை அதிக நிழல் தரும், கடல் ஆட்டமும் அங்கே குறைவு. மேல்தளத்தில் கண்ணாடித் தடுப்போடு துருத்தி நிற்பவற்றில் கால் வரை வெயில் அடிக்கும். நிறுவனத்தின் இணையதளத்தில் தளவாரியான வரைபடம் இருக்கும். அதில் உங்கள் அறைக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். நீச்சல் குளத் தளம் என்றால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் தொடங்கிவிடும். அறைக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்றும் பாருங்கள், நிழல் கிடைக்கும், கடல் தெரியாது. அறை எண் இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்பதை வைத்துப் பக்கத்தை முடிவு செய்யாதீர்கள், கப்பலுக்குக் கப்பல் மாறும்.

வரைபடத்தில் அறையைத் தவிர நான்கைத் தேடுங்கள்: படகுகளுக்கு அடியில் ஓடும் நடைபாதை, குளத்தின் ஓரம் கூரை போட்ட பகுதி, கப்பலின் பின்முனையில் உணவுக்கூடத்தை ஒட்டிய திண்ணை, மூடித் திறக்கும் கூரை உள்ள குளம். இதில் இரண்டாவது இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இருவரும் பேசிக்கொள்ளும் தூரத்தில் ஒருவர் வெயிலிலும் ஒருவர் நிழலிலும் படுத்திருக்கலாம். சொந்தக் குடையை நம்பாதீர்கள், கடல் காற்றில் விரிக்கவே முடியாது. தாடைக்குக் கீழே கட்டும் கயிறுள்ள தொப்பிதான் நிற்கும். துறைமுகத்தில் கப்பல் நின்றதும் காற்றும் நின்றுவிடும், தளம் தோசைக்கல்லாகக் காயும்.

சன்ஸ்கிரீன் கணக்கில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். உடல் முழுக்க ஒரு முறை பூச ஏறத்தாழ 30 மில்லி வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், நீந்தி எழுந்த பிறகும் மறுபடி பூச வேண்டும். அரை நாளுக்கு மூன்று தடவை என்றால் 90 மில்லி. மருந்துக் கடையில் வாங்கும் 50 கிராம் டியூப் இரண்டு தடவைக்குக்கூட வராது. அதைக் கடுகளவாகத் தடவி நாலு நாள் ஓட்டினால் அட்டையில் போட்ட எஸ்பிஎஃப் 50 என்ற பாதுகாப்பு அளவு கிடைக்காது. வெயில்காரர் முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொண்டால் செலவு பாதியாகும். நிழல்காரருக்கு முகம், கழுத்துக்கு இரண்டு விரல் நீளம் பிதுக்கினால் போதும், நிழலில் இருந்தாலும் பூச வேண்டும்.

கரையில் இருவரும் தனித்தனியாகப் போவதென்றால், கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் போகிறவருக்குத் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாக வண்டி பிடித்துப் போனவருக்குக் காத்திருக்காது. வெயில்காரர் கடற்கரைக்குத் தனியாகப் போனால், கப்பல் ஏறச் சொன்ன கடைசி நேரத்துக்கு ஒரு மணி முன்பே திரும்பிவிட வேண்டும்.

ஏறும் நாள்தான் பலரும் மறக்கும் நாள். கப்பலில் நண்பகல் வாக்கில் ஏற்றுவார்கள், அறை தயாராகப் பிற்பகல் ஆகும், பெட்டி அறைக்கு வர மாலையும் ஆகலாம். கடுமையான வெயில் நேரத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் மேல் தளத்தில் நிற்க வேண்டி வரும். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மாத்திரை, சின்ன சன்ஸ்கிரீன், வெயில்காரரின் நீச்சல் உடை எல்லாவற்றையும் தோள்பையில் வையுங்கள். சென்னையில் ஏறுகிறவர்கள் காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்துவிடுங்கள், காரில் போனால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நெரிசலுக்கென்று ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.