சி நிரலில் அசெர்ட் போட்டுப் பிழை தேடுவது

சி நிரல் விழுகிற வரியில் பெரும்பாலும் பிழை இருக்காது. ரிங் பஃபரில் (கடைசிக்கு வந்ததும் தொடக்கத்துக்கே திரும்பி நிரப்பும் அரேயில்) எழுதும் இண்டெக்ஸ் எல்லை தாண்டினால், பக்கத்திலிருக்கும் பாயிண்டர் ஒன்று கெடும். நிரல் சாவது அந்தப் பாயிண்டரைத் தொடும்போதுதான். எந்த ஃபங்ஷனை எது அழைத்தது என்று வரிசையாகச் சொல்லும் பேக்ட்ரேஸ் காட்டுவதும் அந்த இடத்தையே.

ஆகவே விதிகளை முதலில் எழுதிவிடுகிறோம். படிக்கும், எழுதும் இரண்டு இண்டெக்ஸும் பஃபரின் கொள்ளளவுக்குக் கீழே இருக்க வேண்டும். உள்ளே இருப்பவற்றின் எண்ணிக்கை கொள்ளளவை மீறக்கூடாது. படிக்கும் இண்டெக்ஸோடு எண்ணிக்கையைக் கூட்டிக் கொள்ளளவால் வகுத்தால், மீதி எழுதும் இண்டெக்ஸாக வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி அசெர்ட்: நிபந்தனை பொய்த்தால் செய்தி காட்டி நிரலை நிறுத்தும் மேக்ரோ அது. 'அண்ட்' போட்டு இணைத்தால் எது பொய்த்தது என்று செய்தியில் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே ஃபங்ஷனில் வைத்து, பஃபரைத் தொடும் ஒவ்வொரு ஃபங்ஷனின் நுழைவிலும் வெளியேறும் இடத்திலும் அழைக்கிறோம். வெளியேறும்போது விழுந்தால் குற்றம் அந்த ஃபங்ஷனுடையது. நுழைவிலேயே விழுந்தால் வெளியில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

செய்தியில் வரும் வரி எண் சரிபார்க்கும் ஃபங்ஷனுடையது, அழைத்தவருடையது அல்ல. அதனால் டீபக் தகவலோடு கம்பைல் செய்து ஜிடிபி என்ற டீபக்கரில் ஓட்டுங்கள். பேக்ட்ரேஸில் சரிபார்க்கும் ஃபங்ஷனிலிருந்து ஒரு படி மேலே ஏறினால், அதை அழைத்த ஆள் அகப்படுவார். ஜிடிபி இல்லாமல் ஷெல்லில் ஓட்டினால் வெளியேறும் எண் 134: அசெர்ட் பொய்க்கும்போது அழைக்கும் அபார்ட் அனுப்பும் 6ஆம் சிக்னலோடு 128. பைப்பில் ஓடும்போது பிரிண்ட்எஃப் எழுதிய கடைசி வரிகள் வெளியீட்டுப் பஃபரிலேயே தொலையலாம். தடயங்களைப் பிழைச் செய்திகளுக்கான ஸ்டடெர்ருக்கு அனுப்புங்கள்.

அதிகம் பேர் விழும் குழி என்டிபக் மேக்ரோ. அதை வரையறுத்தால் அசெர்ட்டுகள் மட்டுமல்ல, அவற்றின் அடைப்புக்குள் எழுதியதும் மறையும். பில்டு கருவியான சிமேக்கின் ரிலீஸ் பில்டு வழக்கமாக அதைத் தானே சேர்த்துவிடும். ஃபைலைப் படிக்கும் அழைப்பையே அசெர்ட்டுக்குள் போட்டிருந்தால், ரிலீஸில் ஃபைல் படிக்கப்படாது. டீபக்கில் ஓடுவது ரிலீஸில் மட்டும் கெட்டால் முதலில் இங்கே பாருங்கள். அழைப்பின் விளைவை மாறியில் வாங்கி, மாறியைச் சோதிப்பதே சரி. அப்போது ரிலீஸில் 'பயன்படாத மாறி' என்று கம்பைலர் முணுமுணுக்கும். வாய்டாக காஸ்ட் செய்தால் அடங்கும்.

ஃபைல் திறக்காதது, பயனர் தப்பாகத் தட்டியது இதெல்லாம் அசெர்ட்டுக்கு வேலையல்ல, இஃப்புக்கு.

ஸ்ட்ரக்ட் அளவு போன்றவற்றுக்கு சி11 தந்த, கம்பைல் ஆகும்போதே சோதிக்கும் ஸ்டாடிக் அசெர்ட் போதும். ஒரு கேரக்டரும் 4 பைட் இண்டும் சேர்ந்து 5 பைட் என்று நம்பி எழுதினால், பேடிங்கால் (கம்பைலர் இடையில் சேர்க்கும் வெற்று பைட்டுகளால்) வழக்கமாக 8 ஆகிற அந்த ஸ்ட்ரக்ட் கம்பைல் ஆகும்போதே மாட்டிக்கொள்ளும்.