மாத்தளை மிளகும் பத்து வேலைநாட்களும்

இந்திய–இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின்கீழ் ஆண்டுக்கு 2500 தொன் இலங்கை மிளகு தீர்வையின்றி இந்தியாவுக்குள் போகலாம். சலுகை எதுவும் கிடைக்காவிட்டால் தீர்வை 70 வீதம். கொழும்பிலிருந்து சிறிய அளவில் மிளகு ஏற்றுமதி செய்யும் எனக்கு, இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் 2023இல்தான் புரிந்தது.

அதற்கு முன் சில ஆண்டுகள் அந்தச் சந்தைப் பக்கம் போகவே வழியிருக்கவில்லை. 2017 டிசம்பரில் இந்தியா மிளகுக்குக் கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை விதித்தது; அதற்குக் குறைந்த விலையில் மிளகை உள்ளே கொண்டுபோக முடியாது. அங்கே உள்ளூர் மிளகே அதைவிட மலிவாக விற்றபோது எங்கள் சரக்கை யார் வாங்குவார்? விலைப்பட்டியலில் 500 என்று எழுதிவிட்டு மீதியைத் திருப்பித் தரச் சொன்ன ஒருவருக்கு நான் முடியாது என்றேன்.

விலை அந்த வரம்பைத் தாண்டிய பின் ஒரு கொள்கலன் அனுப்பினேன். மிளகு இலங்கையில் விளைந்தது என்று காட்டும் தோற்றச் சான்றிதழையும், அதில் நோய், பூச்சி இல்லை என்று காட்டும் தாவர நலச் சான்றிதழையும் பெறுவதில் பெரிய சிரமம் இருக்கவில்லை. ஆனால் 2020 செப்டெம்பர் 21 முதல் இந்தியாவில் நடைமுறையிலுள்ள விதிகளின்படி சான்றிதழ் மட்டும் போதாது. பொருள் எங்கே விளைந்தது என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளர் வைத்திருந்து, சுங்கம் கேட்டால் பத்து வேலைநாட்களுக்குள் கொடுக்க வேண்டும். கேட்டார்கள்.

என் மிளகு வரும் மாத்தளையில் சிறு விவசாயிகள் கிளிரிசிடியா மரத்திலோ பாக்கு மரத்திலோ ஏறிய சில கொடிகளில் பறித்து, முற்றத்துப் பாயில் காயவைத்து, சந்திக் கடைக்காரரிடம் ஐந்து கிலோ, பத்துக் கிலோவாக விற்கிறார்கள். அவர் கொப்பியில் எழுதுவது 'மிளகு 7.400' என்பதும் தொகையும் மட்டுமே. அந்தக் கொப்பிகளைப் படமெடுத்து, சிங்களத்தில் இருந்தவற்றை மொழிபெயர்ப்பித்து, கடைக்காரர்களிடம் கையெழுத்துடன் உறுதிக்கடிதம் வாங்கி, ஒன்பதாம் நாள் இரவு அனுப்பினேன்.

இந்தியச் சுங்கத்தின் சந்தேகத்தை நான் முற்றாகக் குறைசொல்லமாட்டேன். வியட்நாம் மிளகு இலங்கை மிளகாகப் பெயர்மாறி வருகிறது என்று கர்நாடகத்தின் குடகு மிளகு விவசாயிகள் முறையிட்டு வந்தார்கள். 2019 இறுதியில் மறுஏற்றுமதிக்கான மிளகு இறக்குமதியை எங்கள் அரசே தடைசெய்தது. ஆனால் அப்படிப் பெயர் மாற்றியவர்களிடம் காகிதங்கள் ஒழுங்காகவே இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இறக்குமதியாளர் தீர்வை வித்தியாசத்துக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்துச் சரக்கை எடுத்தார். அது விடுபட ஐந்து மாதம் ஆயிற்று. அந்தச் செலவை அடுத்த விலையில் கழித்துக்கொண்டார். இப்போது கடைக்காரர்களுக்கு நானே பற்றுச்சீட்டுப் புத்தகம் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். விற்பவரின் பெயருக்கும் கிராமத்துக்கும் அதில் இடமுண்டு. பாதிச் சீட்டுகளில் அந்த இடம் இன்னமும் வெறுமையாகவே வருகிறது.