தப்பிய குரல்வளை

குரல்வளைப் புற்றுநோயாளிகளுக்குப் பேச்சும் விழுங்குதலும் பயிற்றுவிப்பவளாக இத்தனை ஆண்டுகள் இருந்ததில், என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "கரண்ட் வைத்தால் பேச்சு தப்பிவிடும்தானே?" என்பதுதான். கரண்ட் என்று அவர்கள் சொல்வது கதிர்வீச்சை.

நோய் குரல் நாணோடு நிற்கும் தொடக்க நிலையில் பதில் எளிது. லேசர் அறுவையானாலும் கதிர்வீச்சானாலும் குணமாகும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றே. முற்றிய நோய்க்கோ ஒரு காலத்தில் குரல்வளையை முழுதாக அகற்றுவதே வழக்கம். அதை அசைத்தது, அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 332 பேரிடம் நடத்தப்பட்டு 1991இல் வெளியான ஆய்வு. முதலில் கீமோவும் பிறகு கதிர்வீச்சும் பெற்றவர்கள், அறுவை செய்துகொண்டவர்களைப் போலவே இரண்டாண்டு முடிவில் 68 விழுக்காடு பிழைத்திருந்தனர். அவர்களில் 64 விழுக்காட்டினருக்குக் குரல்வளையும் மிஞ்சியது. கீமோவைக் கதிர்வீச்சுடன் சேர்த்தே கொடுத்தால் இன்னும் கூடுதலானோருக்கு அது மிஞ்சும் என்று 2003இல் தெரியவந்தது.

ஆனால் மிஞ்சிய குரல்வளை வேலை செய்கிறதா என்பது வேறு கணக்கு. சந்தையில் ஏலம் கூவிப் பிழைத்த ஒருவர் ஏழு வாரங்களில் 35 முறை கதிர்வீச்சு பெற்று நோய் நீங்கி வந்தபோது, "குரல்வளை தப்பிவிட்டது, இனிக் கவலையில்லை" என்று நானே சொன்னேன். பொறுப்பில்லாமல் சொன்ன சொல் அது. தொண்டைத் தசைகள் இறுகிப்போய், ஒரு மிடறு தண்ணீருக்கும் அவருக்குப் புரையேறியது. அது நுரையீரலுக்குள் இறங்கி இருமுறை நிமோனியா கண்டபின் உணவு செலுத்தும் வயிற்றுக் குழாய்தான் கதியாயிற்று.

அதே ஆண்டில், கட்டி குருத்தெலும்பைத் துளைத்துவிட்டதால் அறுவையே தக்கதென்று குரல்வளை அகற்றப்பட்ட இன்னொருவர், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்திய சிலிக்கோன் வால்வின் துணையால், மூச்சு விடுவதற்கான கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டு என்னுடன் வாதாடிக்கொண்டிருந்தார். மூச்சு வழியும் உணவு வழியும் பிரிந்துவிட்டதால் புரையேறும் பயமின்றிச் சோறு சாப்பிட்டார். அதற்காக அறுவையே மேல் என்று சொல்லமாட்டேன். வாசனை அறியும் திறன் பெரும்பாலும் போய்விட்டிருந்தது, சில மாதங்களுக்கொருமுறை வால்வு மாற்றும் செலவும் அவரை வாட்டியது.

இப்போதெல்லாம் சிகிச்சை முடிவாகும் முன்பே நோயாளியை என் அறைக்கு அனுப்பச் சொல்கிறேன். பேச்சைப் பற்றிப் பிறகுதான். முதலில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்து, குடிக்கும்போது இருமுகிறாரா என்று பார்க்கிறேன்.