நாய் வண்டி எந்தத் தெருவுக்கு வருகிறது?

2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். 22-ஆம் தேதி அந்த உத்தரவு மாறியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறிநோய் உள்ளதையும் ஆளைக் கடிக்கப் பாய்வதையும் மட்டும் விடாதீர்கள் என்றார்கள். உடனே குழுவில் புலம்பல். நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையங்களில் பிடித்ததைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்று இன்னொரு உத்தரவு வந்தபோது மறுபடி கைதட்டல். சென்னையின் கணக்கை மட்டும் யாரும் பேசவில்லை.

2018 கணக்கெடுப்பில் சென்னையில் தெருநாய்கள் சுமார் 57 ஆயிரம். 2024-ல் சுமார் 1.8 லட்சம். அதில் கருத்தடை ஆனவை கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஒரு பகுதியில் 70 சதவீதமாவது முடிந்தால்தான் எண்ணிக்கை இறங்கத் தொடங்கும் என்று இதில் வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். மீதி இருக்கும் பெட்டை நாய் இரண்டே மாதம் சுமந்து ஒரே ஈற்றில் ஐந்தாறு குட்டி போட்டுவிடும், அதில் தப்பிப் பிழைக்கிற பெட்டைக் குட்டிகள் ஒரு வயதுக்குள் தாயாகிவிடும். அப்புறம் நாம் செய்த ஆபரேஷனுக்கு என்ன அர்த்தம்?

கொன்று பார்க்கவில்லையா என்றால், பார்த்தாயிற்று. பல பத்தாண்டுகள் மெட்ராஸ் கார்ப்பரேஷன் நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டுதான் இருந்தது, தெருவில் நாய் குறையவில்லை. விலங்கு நல அமைப்பான புளூ கிராஸ் 1964-லிருந்தே கருத்தடையைச் சொல்லி வந்தும், மாநகராட்சி அதற்கு ஒத்துக்கொண்டது 1996-ல். குப்பைத் தொட்டியும் கறிக்கடைக் கழிவும் இருக்கிற வரைக்கும் காலியான இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வரத்தான் செய்யும்.

எனக்குக் கருத்தடைத் திட்டத்தின் மேல் கோபம் கிடையாது, அதை நடத்துகிற விதத்தின் மேல்தான். மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணுக்கு யார் விடாமல் போன் செய்கிறார்களோ அவர்கள் தெருவுக்கு வண்டி போகிறது, இரண்டு நாயை வலை போட்டுத் தூக்குகிறது, ஓடத் தெரிந்த மற்றவை தப்பிவிடுகின்றன. 200 வார்டிலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் எந்த வார்டும் 70-ஐத் தொடாது. ஒரு வார்டை எடுத்து, காதில் வெட்டு (கருத்தடை ஆனதற்கு அதுதான் அடையாளம்) இல்லாத நாயே கண்ணில் படாத அளவுக்கு முடித்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போக வேண்டும். இதில் தெருவில் சோறு வைக்கிற அக்காக்களைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளாமல் முடியவே முடியாது, ஏனென்றால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாய் அவர்களிடம்தான் வரும். அவர்களோடு சண்டை போடுவதில்தான் நம் ஆட்களுக்கு ஆர்வம் (எங்கள் குழுவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்).

அப்புறம் வீட்டு நாய். லாப்ரடார் வாங்கி, வீடு மாறும்போது தெருவில் விட்டுப் போகிறவர்களும், கேட்டைத் திறந்துவிட்டு அது எங்கே சுற்றினால் என்ன என்று இருப்பவர்களும் இந்த எண்ணிக்கையில் பங்காளிகள். சென்னையில் இப்போது வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், உரிமக் கட்டணம் வெறும் 50 ரூபாய், எடுக்காவிட்டால் அபராதம் 5,000. நல்லதுதான். அமெரிக்காவில் பல ஊர்களில் கருத்தடை செய்த நாய்க்கு உரிமக் கட்டணம் குறைவு, செய்யாத நாய்க்குப் பல மடங்கு. இங்கேயும் செய்த நாய்க்கு அதே 50, செய்யாததற்கு வருஷம் 2,000 என்று வைத்துப் பார்க்கலாமே.