தாத்தா வீடு இருந்த கடல்

2025 மார்ச் 4, செவ்வாய். திருகோணமலை

காலை ஆறரைக்கு எங்கள் பாய்மரப் படகின் நங்கூரத்தை எடுத்தோம். சங்கிலியோடு கரிய சேறு ஏறி வந்தது. வாளி வாளியாகக் கடல்நீர் ஊற்றிக் கழுவி முடிக்க அரை மணி ஆயிற்று. பதினோரு நாள் இந்தச் சேறுதான் எங்களைப் பிடித்து வைத்திருந்தது. நங்கூரம் இழுபடுகிறதோ என்று ஒரு ராத்திரிகூட எழுந்து பார்க்கவில்லை. குன்றுகள் வளைத்து நிற்கும் உள்துறைமுகம் இது. வெளியே வங்கக்கடல் எப்படிப் புரண்டாலும் உள்ளே மேசைமேல் வைத்த டம்ளர் அசையாது.

போய்ச் சேரும் ஒவ்வொரு துறையிலும் மூன்று விஷயங்களை நோட்டில் குறித்துக்கொள்வேன்: ஆழம், அடித்தரை, எந்தக் காற்றுக்கு மறைவு. ஆழத்தைத்தான் கருவி காட்டுகிறதே என்பார் இவர், என் கணவர். ஈயக்குண்டின் அடிக்குழியில் சோப்பு அப்பி, கயிற்றில் இறக்கி, ஒட்டி வருவது மணலா சேறா சிப்பியா என்று கண்ணால் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். திருகோணமலைக்கு எழுதியது: ஆறு பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி), சேறு, எல்லாக் காற்றுக்கும் மறைவு. நாலு வருஷப் பயணத்தில் இப்படி எழுதிய இடங்கள் மிகக் குறைவு.

இனி சென்னை. ஏறத்தாழ 280 கடல் மைல். பிறந்த ஊருக்குக் கடல் வழியாக இதுவரை வந்ததில்லை.

மார்ச் 5, புதன். கடலில்

காற்று குறைவு. ஆனால் வெள்ளம் எங்கள் பக்கம். மாசி, பங்குனியில் இந்தக் கரையோரம் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் அப்படியே திரும்பித் தெற்கே ஓடும். படகின் வேகமானி நாலரை நாட், அதாவது மணிக்கு நாலரை கடல் மைல், காட்டுகிறது, ஜிபிஎஸ் ஐந்தரை என்கிறது. அந்த ஒரு நாட் கடல் தந்தது.

சமையல்: ரசம், அப்பளம்.

மார்ச் 6, வியாழன். கடலில்

அரைநிலா நள்ளிரவை ஒட்டி இறங்கியது. அதற்கப்புறம் கும்மிருட்டு. பெரிய கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தைத் தாமே அறிவிக்கும், ஏஐஎஸ் என்ற கருவியின் திரையில் முன்கூட்டியே பார்த்துவிடலாம்; நம் மீனவர்களின் ஃபைபர் போட்டுகள் அதில் தெரியாது. ஒரு டார்ச் வெளிச்சம்தான் அடையாளம். மூன்று மணிக்கு ஒருவர் டார்ச்சைச் சுழற்றி, "அண்ணே, வலை கெடக்கு, கெயக்கால போ!" என்று கத்தினார். நான் தமிழில் பதில் கொடுத்ததும் அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு, "யக்கா, எந்த ஊரு நீங்க?"

ராயபுரம் என்றேன். கிழக்கே இரண்டு மைல் ஒதுங்கிப் போனோம். ஒரு வலை அறுந்தால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 7, வெள்ளி. சென்னைக்கு வெளியே

விடிவதற்கு முன் மெரினா கலங்கரை விளக்கம் தெரிந்தது. 1977இல் வந்தது அது. அதற்கு முன்பு உயர் நீதிமன்றக் கட்டடத்து உச்சியில்தான் விளக்கு எரிந்தது, 1894லிருந்து. வெளிச்சம் வந்ததும் கரை தெரிந்தது. நேர்கோடு. குன்றில்லை, குடாவில்லை, ஒதுங்க ஒரு மூலையில்லை.

அனுமதி வரும்வரை வெளியே நங்கூரம் போட்டு நின்றோம். தென்கிழக்கிலிருந்து வந்த நீண்ட அலை படகைப் பக்கவாட்டில் ஆட்டியது; அடுப்பில் வைத்த பால் இரண்டு முறை கவிழ்ந்தது. துறைமுகம் வருவதற்கு முன் எல்லாக் கப்பல்களும் இப்படித்தான் நின்றன. ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில் இறக்கி அலைமுறிவைத் தாண்டிக் கொண்டுபோவார்கள். ஆணி இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை அறையும்போது நெளிந்து கொடுக்கும், உடையாது. அதை ஓட்டியவர்கள் என் ஊர்க்காரர்களின் முப்பாட்டன்மார்.

மார்ச் 8, சனி. துறைமுகத்துக்குள்

நேற்றுப் பிற்பகல் உள்ளே வந்தோம். மஞ்சள் கொடி ஏற்றிக் காத்திருந்தோம். சுகாதாரம், சுங்கம், குடியேற்றம் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். இந்தியாவில் அனுமதியில்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருக்கக் கூடாது என்பதால் எங்களுடையதைப் பெட்டியில் வைத்து சீல் வைத்தார்கள். எழுதிக் கொடுத்த பட்டியலில் மிளகாய்த்தூள்வரை இருந்தது.

இந்தத் துறைமுகத்தின் மறைவு முழுக்க மனிதர் கட்டியது. 1881 நவம்பரில், வேலை முடியும் தறுவாயில், ஒரு புயல் அலைத்தடுப்புச் சுவர்களை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். முதலில் துறைமுக வாயைக் கிழக்கே பார்த்து வைத்தார்கள். மணல் அடைத்தது, அலையும் நேரே உள்ளே வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பில் அதை மூடி, வடகிழக்குப் பக்கம் புது வாய் திறந்தார்கள். 1911இல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கியவரும் அவர்தான். கிளப்பின் சின்னப் பாய்மரப் படகுகள் இன்று காலை எங்களைச் சுற்றிப் போயின. ஒன்றில் பத்து வயதுப் பெண், சுக்கானைத் தனியாகப் பிடித்திருந்தாள். அவள் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்ன வயதில் இந்த மதிலுக்கு வெளியே நின்று கப்பல் புகைபோக்கிகளை எண்ணியிருக்கிறேன். அன்றைக்கெல்லாம் கொடியில் உலர்த்திய வெள்ளைத் துணி சாயங்காலம் சாம்பலாகிவிடும், கரித்தூசி. நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு, 2011இல் நிலக்கரி இங்கிருந்து போனது. இப்போது படகின் மேல்தளத்தைத் துடைத்தால் துணி கறுக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

துறைமுக வாசலில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு காசிமேடு போனோம். பெரியப்பாவுக்கு எழுபத்தாறு. இன்னும் கடலுக்குப் போகிறார்.

"இன்னா கண்ணு, எம்டன் கணக்கா வந்து நின்னுக்கினியாமே! வாங்க மாப்ள, உள்ள வாங்க."

1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் கப்பல் இருட்டில் வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன நாளிலிருந்து எங்கள் பக்கம் துணிச்சல்காரருக்கெல்லாம் அதுதான் பெயர். பெரியம்மா வஞ்சிரம் வறுத்தார். நாலு வருஷமாக எத்தனையோ துறையில் மீன் வாங்கிச் சமைத்தேன், இந்த மசாலா கைக்கு வரவில்லை.

சாப்பிட்டதும், திருகோணமலைபோல இங்கேயும் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்று சொன்னேன். பெரியப்பா கை கழுவிக்கொண்டே, "தூங்கு கண்ணு. அந்தக் கல்லு நல்லாத்தான் காக்குது" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மார்ச் 12, புதன். மாசி மகம்

சாமிகள் கடலாட வரும் நாள். நான் சிறுமியாக இருந்தபோது தாத்தா வீட்டு வாசலிலிருந்து தண்ணீருக்கு நடந்து போக வேண்டும், மணல் சுடும், அம்மா தூக்கிக்கொள்வாள். இன்று அந்தப் பக்கம் முழுக்கக் கருங்கல் குவியல். கல் வழுக்கும் என்று கிழவிகள் சாலையோரத்திலேயே நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

நாங்கள் படகு கட்டியிருக்கும் சுவரும் இந்தக் கல் குவியலும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். தென்மேற்குப் பருவத்தில் அலை சாய்வாக அடித்து மணலை வடக்கே தள்ளும். வாடையில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே போக வேண்டிய மணல் வரவில்லை. அலை கரையைத் தின்றது. பள்ளிக்கூடத்தில் மெரினாவின் அழகை எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அந்த மணல் எங்கள் தெருவுக்கு வர வேண்டியது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

மார்ச் 13, வியாழன்

விடிகாலை பெரியப்பா தன் ஃபைபர் போட்டில் என்னைக் கூட்டிப்போனார். காசிமேட்டுக்கு வடக்கே, கல் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி எஞ்சினை நிறுத்தினார். கரையில் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் அதன் பின்னால் ஒரு கோபுரத்தையும் நேராக வைத்துப் பார்த்தார். பிறகு தெற்கே திரும்பி இன்னும் இரண்டு அடையாளம். துடுப்பால் நாலு தள்ளு தள்ளினார்.

"இங்கதான். உங்க தாத்தா வூடு. அந்தாண்ட பூவரச மரம்."

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. நான் பையிலிருந்து ஈயக்குண்டை எடுத்து, சோப்பு அப்பி, இறக்கினேன். மேலே வந்தபோது மணலோடு ஒரு துண்டு ஓடும் ஒட்டியிருந்தது. எந்த வீட்டு ஓடோ. பெரியப்பா அதை வாங்கிப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தன் மடியில் முடிந்துகொண்டார்.

நோட்டில் எழுதினேன்: இரண்டு பாகம். மணல், ஓடு. எந்தக் காற்றுக்கும் மறைவில்லை.