சோத்தாங்கைத் துப்பாக்கி

2025 ஜனவரி 9, வியாழன்

ஏப்ரல் 10-க்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை மருந்தும் கிடையாது, ஊசியும் கிடையாது. பெரும்பாலும் தானாக வடிந்துவிடும், மூன்று மாதம் பார்ப்போம், வடியாவிட்டால் லேசர் பற்றி யோசிக்கலாம் என்றார் கண் டாக்டர். சின்னப் பெண். என் மகளைவிட நாலைந்து வயது மூத்திருந்தால் அதிகம்.

திரையில் காட்டினார். விழித்திரைக்கு அடியில் ஒரு மேடு. ரொட்டி சானாயைக் கல்லில் போட்டதும் ஒரு இடம் மட்டும் உப்புமே, அந்த மாதிரி. உள்ளே நீர். இடது கண்ணில் மட்டும். வலது கண் சுத்தமாக இருக்கிறதாம். வாழ்த்துச் சொல்வதுபோல் சொன்னார்.

"ஸ்டீராய்ட் ஏதாவது சாப்பிடுறீங்களா அங்கிள்?"

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 10

பொய் என்றில்லை. முதுகுவலி மாத்திரை டப்பாவில் மூலிகை என்றுதான் போட்டிருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போனேன். போகாதே என்று யாரும் சொல்லவில்லையே.

50 மீட்டர், குப்புறப் படுத்து, பாயிண்ட் 22 ரைபிள். பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். ஐந்து சென் காசைவிடச் சிறியது. குறிபார்க்கும் முன்வளையத்துக்குள் கருவட்டம், அதைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு. இத்தனை வருடமாக என் இடது கண் பார்த்துப் பழகியது இது ஒன்றைத்தான். இன்றைக்கு நேராகப் பார்த்தால் கருவட்டம் இருக்க வேண்டிய இடத்தில் கோப்பி சிந்திய துணி மாதிரி ஒரு கறை. கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் வட்டம் வருகிறது, முட்டை வடிவத்தில், அளவிலும் சிறுத்து. பத்துத் தோட்டாவுக்கு 81. டிசம்பரில் 94.

கை மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. கிளப்பில் இருக்கும் ரைபிள் எல்லாமே சோத்தாங்கைக்காரர்களுக்காகச் செய்தவை. தோட்டா மாற்ற இழுக்கும் போல்ட் கைப்பிடி வலது பக்கம், கன்னம் வைக்கும் மேடு இடது பக்கம். நான் இடது தோளில் சாய்ப்பவன். என் கன்னம் மொட்டைப் பக்கத்தில்தான் உட்காரும். வலது கை வாரில் மாட்டிக்கொண்டு ரைபிளைத் தாங்கியிருக்கும், அதை அசைக்கக் கூடாது. அதனால் சுட்டதும் இடது கையை விசையிலிருந்து எடுத்து, ரைபிளின் முதுகைத் தாண்டி, அந்தப் பக்கம் இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி, பின்னால் இழுக்க வேண்டும். இங்கே கன்னத்தை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மூக்கில் இடி. வெற்றுக் கூடு விழும். புதுத் தோட்டாவை வைத்து, தள்ளி, இறக்கி, மறுபடி முதுகைத் தாண்டி விசைக்கு வர வேண்டும். பழைய வீட்டுத் தாழ்ப்பாள்தான். தூக்கு, இழு, தள்ளு, இறக்கு. என்ன, கதவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாளைத் திறக்கிறேன், அவ்வளவுதான்.

மேசையில் மணல்பை மேல் வைத்துச் சுட்டால் கதையே வேறு. சும்மா இருக்கும் வலது கை போல்டைப் பார்த்துக்கொள்ளும், இடது கை விசையை விட்டு நகரவே வேண்டாம். இந்த வசதிக்காகவே இடக்கை போல்ட் வாங்கும் வலக்கைக்காரர்கள்கூட இருக்கிறார்கள். எனக்கு மேசை பிடிக்காது. படுத்துச் சுடுவதுதான் சுடுவது.

இன்னொன்று. கூடு வெளியேறும் வாசலும் வலது பக்கம், அதாவது என் முகத்துக்கு நேராக. கூடு பிளந்தால் சூடும் துகளும் என் பக்கம்தான் வரும். 2011-ல் ஒருமுறை வந்தது. கண்ணாடி போட்டிருந்தேன், தப்பித்தேன். வெடிமருந்துக்குத் தப்பிய கண்ணைப் போய் முதுகுவலி மாத்திரையில் கொடுத்திருக்கிறேன்.

ஜனவரி 14

பொங்கல். கரும்பு நடுவில் ஒடிந்த மாதிரி தெரிந்தது. வலது கண்ணால் பார்த்தால் நேர்.

ஜனவரி 19, ஞாயிறு

தோளை மாற்று, தோளை மாற்று. ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளும் மலாய் மாமா பாக்சிக்கிலிருந்து நேற்றுச் சேர்ந்த பையன் வரைக்கும்.

முன்பெல்லாம் பதில் கைவசம் இருந்தது. இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை வைத்து, அதன் வழியாகச் சுவர்க்கடிகாரத்தைப் பார். ஒவ்வொரு கண்ணாக மூடு. எதை மூடினால் கடிகாரம் காணாமல் போகிறதோ அந்தக் கண்தான் முதலாளி. எனக்கு இடது. கையைப் பழக்கலாம், முதலாளியை மாற்ற முடியாது என்பேன். இப்போது முதலாளியே படுத்துவிட்டார்.

கிளப் சீனியர் அங்கிள் இன்றைக்கும் தகாச் கதையை எடுத்தார். ஹங்கேரி ராணுவத்துக்காரர், 1938-ல் கையெறிகுண்டு வெடித்து வலது கை போனது, இடது கையால் பிஸ்டல் பழகி 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கம். சரி அங்கிள், அவருக்குப் போனது கை, கண் இல்லையே. அதுவும் அவர் வந்தது நம் பக்கம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் ஜெயித்தவன் ஒருவனைக் காட்டுங்கள் என்றேன்.

"கோப்பி ஆறுது, குடி தம்பி" என்றார்.

ஜனவரி 23

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சாப்பாடு போடும்போது தற்செயலாக இடது கையால் அப்பளத்தை எடுத்துவிட்டேன். "பீச்சாங்கைய எடுடா." எனக்கு 46 வயது.

அப்புறம் அவராகவே தாத்தா பேச்சை எடுத்தார். தாத்தாவும் இடக்கை. கூலிம் பக்கம் தோட்டத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம் வெட்டினவர். மரத்தில் கோடு இடது மேலிருந்து வலது கீழாகத்தான் இறங்கும். பட்டைக்குள் பால் குழாய்கள் லேசாக எதிர்ச்சாய்வில் ஏறுகின்றன, அப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும், நிறையப் பால் வரும். ஆக, மரமே சோத்தாங்கைதான். தாத்தா எந்தக் கையால் கத்தி பிடித்தார் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் இடது என்றார்.

1948-ல் மலாயாவில் அவசரகாலம் வந்ததும் தாத்தாவை எஸ்.சி.யாக, அதாவது ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக எடுத்து, கையில் பாயிண்ட் 303 லீ-என்ஃபீல்ட் ஒன்றைக் கொடுத்தார்கள். பத்துத் தோட்டா கொள்ளும். போல்ட் கைப்பிடி விசைக்குப் பக்கத்திலேயே மடங்கியிருக்கும், வலது கை லேசாகத் திரும்பினால் போதும். முதல் உலகப் போருக்கு முன்பே பிரிட்டிஷ் சிப்பாய் அதில் நிமிடத்துக்கு 15 முறை குறிபார்த்துச் சுட வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் கை முதுகைத் தாண்டிப் போய்வர நேரமில்லை. தாத்தா இடது தோளில் சாய்த்தபோதெல்லாம் சார்ஜண்ட் பிரம்பால் விரல்முட்டியில் போட்டாராம். அம்மாவிடம் இருக்கும் தாத்தாவின் படத்தில் வலது தோளில்தான் சாய்த்திருக்கிறார். முகத்தைப் பார்த்தால் வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு நிற்பவர் மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 2, ஞாயிறு

வலது தோள். 70.

கன்னம் மேட்டில் போய் அப்படியே உட்கார்ந்தது. அளவெடுத்துச் செய்த மாதிரி. எரிச்சலாக வந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

தைப்பூச ரதம் பார்க்கப் போனோம். வெள்ளி ரதம் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் தேங்காய் மலைமலையாக. சீனர்கள் கூடை கூடையாகக் கொண்டுவந்து உடைத்தார்கள். ரோட்டில் இளநீர் ஓடியது. வழக்கம்போல் ஒரு சில்லு காலில் தெறித்தது.

வலது கண்ணை மூடிக்கொண்டு முருகனின் வேலைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. வேல் நடுவில் வளைந்திருந்தது.

பக்கத்தில் நின்ற வீட்டுக்காரி "என்ன, கண்ணடிக்கிறீங்க?" என்றாள்.

பிப்ரவரி 13

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியது, ஐந்து மாதம் சாப்பிட்டேன் என்று. நர்ஸ் திட்டவில்லை. இப்படிப்பட்ட மூலிகை மாத்திரைகளில் ஸ்டீராய்ட் கலந்திருப்பது புதிதில்லையாம், சுகாதார அமைச்சு எச்சரித்துக்கொண்டேதான் இருக்கிறதாம். நீங்களாக நிறுத்த வேண்டாம், டப்பாவோடு நாளைக்கே வாருங்கள் என்றார். மூன்றே நாளில் வலி பறந்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 23

நான் குடியிருப்பது ரைபிள் ரேஞ்ச் ஃபிளாட். மலாயில் பாடாங் தெம்பாக். பெயரில் மட்டும்தான் துப்பாக்கி. கிளப் ரைபிளை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, நம் நாட்டுச் சட்டத்தில் சட்டைப்பையில் ஒரு தோட்டா தங்கிவிட்டாலே வயிற்றைக் கலக்கும். அதனால் அம்மா வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளில் வலது கையைப் பழக்குகிறேன். தூக்கு, இழு, தள்ளு, இறக்கு. ஐம்பது தடவை. "உள்ள போறியா வெளிய வறியா?" என்று அம்மா கத்தினார்.

மார்ச் 2

76. நோன்பு தொடங்கிவிட்டது, பாக்சிக் சீக்கிரம் பூட்டிவிட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். கண் இல்லை, தோள் இல்லை. அவசரம்.

இடது பக்கத்தில் கை தாண்டிப் போய் வருவதற்குள் மூச்சு தானாக இறங்கிவிடும். போன தோட்டா மறந்துவிடும். இது தொல்லை என்றுதான் இத்தனை வருடம் புலம்பினேன். இடக்கைக்காரனுக்கென்றே அன்ஷூட்ஸ் செய்கிறான், டிக்கா செய்கிறான், நமக்கு ஒன்று வாங்கக் கூடாதா என்று கமிட்டியிடம் எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன். வலது பக்கத்தில் போல்ட் கைக்குள்ளேயே இருக்கிறது. எட்டுப் போட்ட கோபம் ஆறுவதற்குள் அடுத்தது கிளம்பிவிடுகிறது, அதுவும் எட்டு.

சுட்டதும் போல்டைத் தொடாமல், வலது கையை எடுத்து இடது காதைத் தொட்டுவிட்டு வந்தேன். 85.

"என்ன தம்பி, தோப்புக்கரணமா?" அங்கிள்தான்.

மார்ச் 16

காதைத் தொட்டு 88. கன்னம் இப்போது அந்த மேட்டைத் தேடுகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 20

தாத்தாவின் படத்தைக் கேட்டு வாங்கி வந்தேன். பூதக்கண்ணாடி வைத்து வலது கண்ணால் பார்த்தேன். போல்ட் கைப்பிடிமேல் வலது கை இருக்கிறது. இடது கை ரைபிளுக்கு அடியில். அந்த விரல்முட்டிகளைப் பார்க்கத்தான் வாங்கினேன், படம் அவ்வளவு தெளிவில்லை.

ஏப்ரல் 1

நோன்புப் பெருநாள், ராயா விடுமுறை. பாக்சிக் வீட்டில் ரெண்டாங் இறைச்சி, லெமாங் சோறு. சின்னத் தட்டு, கூட்டம், நின்றுகொண்டே இடது கையால் சாப்பிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாக்சிக் மட்டும் பார்த்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

போட்டி 13-ஆம் தேதி. படிவத்தில் "இடது / வலது" என்று ஒரு கட்டம். இடது என்றால் வரிசையின் கோடியில் போடுவார்கள், இல்லாவிட்டால் பக்கத்து ஆளும் நானும் மூஞ்சிக்கு மூஞ்சி படுத்திருக்க வேண்டும். முப்பது பேர் ஒரு பக்கம் பார்க்க நான் ஒருவன் மட்டும் அவர்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். எனக்கு அது பழகிப்போன இடம்.

மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் போதும் என்றார் அங்கிள்.

ஏப்ரல் 8

கண்ணைச் சோதித்துப் பார்க்கக் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட தாளில் இன்றைக்குக் கோடுகள் கிட்டத்தட்ட நேர். கிட்டத்தட்ட. பார்க்கப் பார்க்க நேராகிறதா, நேராகட்டும் என்று நான் பார்க்கிறேனா தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டு, "கோடு நேராத்தானே இருக்கு?" என்று கேட்டேன். "அப்பா, அது நேர்க்கோடுதாம்பா" என்றாள்.

ஏப்ரல் 10, வியாழன்

காலை 8.40. என் எண் 1027, ஓடுவது 1009. படிவம் சட்டைப்பையில் இருக்கிறது. இரண்டு கண்ணிலும் சொட்டு விட்டுவிட்டார்கள். கிட்டத்தில் எழுத்து கலங்க ஆரம்பித்துவிட்டது. எழுதுவது எந்தக் கையால் என்று இப்போதுதான் கவனிக்கிறேன், வலது. பள்ளிக்கூடத்தில் மாற்றினது. 1011. அப்புறம் எழுதுகிறேன்.